சீரோடு போன மாத்திரை

என் தங்கைக்கு நான் கொண்டுபோன பொங்கல் சீரில் பதினாறு ஆண்டுகள் வலி மாத்திரையும் இருந்தது. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், சேலை, வேட்டி. அவற்றுக்குப் பக்கத்தில், அதே தாம்பாளத்தில், ஓர் அட்டைப் பெட்டி மாத்திரை. வெளியாள் பார்த்தால் விநோதமாக இருந்திருக்கும். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் சேலையை ஒன்றுக்கு இரண்டாக வைப்பான். பலசரக்கு விற்கிறவன் முந்திரியும் திராட்சையும் கூடுதலாக வைப்பான். நான் மருந்துக் கடை வைத்திருந்தேன்.

தங்கையின் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

கடை பாளையம்பட்டியில், டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. மதுரையில் வேதியியல் படித்தேன், பிறகு மருந்தாளுநர் பட்டயமும் வாங்கினேன், இருபத்தொன்பது வயதில் கடையைத் தொடங்கினேன். காலையில் முதல் பஸ்ஸுக்கு முன்னால் கதவைத் திறந்துவிட வேண்டும். பருத்தி எடுக்கப் போகிறவர்கள், களை வெட்டப் போகிறவர்கள், விசைத்தறியில் வேலை முடித்து வருகிறவர்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வருவார்கள். உடம்பு வலிக்கு ஒரு செட்டு என்று கேட்பார்கள். செட்டு என்றால் ஒரு வலி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒரு மாத்திரை, வலி பழையதாக இருந்தால் கூடவே பொடிசாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. மூன்றையும் பழைய செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுப்பேன். என்ன மாத்திரை என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. மடித்த தாளில் பெயர் இருக்காது. டாக்டர் சீட்டு கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள், அதனால்தான் கேட்பதில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இன்னொரு மருந்துக் கடை வந்ததே பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான்.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய ஒரு சிற்றூரில். மாப்பிள்ளைக்குப் பதினோரு ஏக்கர் கரிசல். பருத்தி, கம்பு, குதிரைவாலி, மழை ஏமாற்றினால் வெறும் மண்கட்டி. அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்குள் கேலி உண்டு. நான் வெயில் படாமல் நிழலில் நின்று பிழைக்கிறவன் என்பது அவருடைய நிரந்தரமான கேலி. மருந்துக் கடையில் நான் தூக்குகிற அதிகபட்ச பாரம் என் கண்ணாடிதான் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வார்.

ஒரு தை மாதம் டிரெய்லரில் பருத்தி மூட்டை ஏற்றும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைக்கு வந்தார். ஐந்து நாளைக்கு செட்டு கொடுத்தேன். ஆறாவது நாள் மறுபடி வந்து கடை வாசலில் குனிந்து நிமிர்ந்து காட்டினார்.

"மச்சான், இதப் போட்டா இருவது வயசுப் பயலா ஆயிர்றேன். ஒங்க தங்கச்சிதான் பயப்படுறா."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பத்து நாளைக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தங்கை வாராவாரம் சனிக்கிழமை வந்து வாங்கிப்போனாள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனால் நான் விடமாட்டேன். அண்ணன் கடையில் தங்கை காசு கொடுத்து வாங்குவதாவது. அவளுடைய மாமியார் வீட்டில் அது பெருமையாகப் பேசப்பட்டது. அடுத்த பொங்கலுக்கு, வாராவாரம் அவள் அலைய வேண்டாமே என்று, மூன்று மாதத்துக்கான மாத்திரையைப் பெட்டியாகவே சீரில் வைத்துவிட்டேன். அன்று தங்கை முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கும் வைத்தேன். பெட்டி தீர்ந்தால் சொல்லியனுப்புவாள். நான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஸ்டீராய்டை மட்டும் இரண்டு வருஷத்தில் நிறுத்தினேன், முகம் உப்புகிறது என்று. வலி மாத்திரையை நிறுத்தவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். அது அடியோடு குறைந்துவிடாமல் இருக்க உடம்பே ஒரு பொருளைச் சுரந்து அந்த ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்துக்கொள்ளும். வலியைக் கிளப்பிவிடுவதும் அதே வகைப் பொருள்தான். வலி மாத்திரைக்கு எது எந்த இடத்தில் சுரக்கிறது என்று பார்க்கத் தெரியாது, இரண்டையும் நிறுத்திவிடும். நன்றாகத் தண்ணீர் குடிக்கிற ஆள் காய்ச்சலுக்கு இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சித்திரை வெயிலில் காலை ஆறு மணியிலிருந்து கரிசலில் நிற்கிறவர், ஒரு தூக்குச்சட்டித் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடிக்கிறவர், அதையே தினம் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பது பட்டய வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இன்னும் குறைவாகக் குடிப்பார்கள். ஒதுங்குவதற்கு மறைவு கிடையாது, அதனால் குடிக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் நான் செட்டு மடித்துக் கொடுத்தேன்.

சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. இந்த நோயைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பாதிக்கு மேல் போன பிறகும் ஆள் உழுவார், சாப்பிடுவார், கல்யாண வீட்டுக்குப் போவார். மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது பசியின்மை. பிறகு வாயில் இரும்பை நக்கியது போன்ற ருசி, உடம்பெங்கும் அரிப்பு, காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீக்கம். என்னிடம்தான் சொன்னார். வாயுவாக இருக்கும் என்று அதற்கும் மாத்திரை கொடுத்தேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. விக்கல் நிற்காமல் ஒரு நாள் முழுக்க விக்கியபோதுதான் ரத்தம் எடுக்கச் சொன்னேன். ரத்தத்தில் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ஒன்று, ஒன்றேகால் இருக்க வேண்டும். எட்டைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தமும் மிக அதிகம். பதினாறு வருஷத்தில் நான் அவருக்கு ஒருமுறைகூட அழுத்தம் பார்த்ததில்லை. பார்க்கிற கருவி கடையில் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.

மதுரையில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் ஸ்கேனைப் பார்த்தார். இரண்டும் சுருங்கிவிட்டன, இது பல வருஷமாக நடந்திருக்கிறது என்றார். சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை. கல் உண்டா. தெரிந்தவரை இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? இல்லை.

"வலி மாத்திரை தொடர்ந்து எடுத்திருக்காரா?"

தங்கை என்னைப் பார்த்தாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொல்வான் என்கிற பார்வை. மாப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் அது வலி மாத்திரை என்பதைவிட அண்ணன் கொடுத்த மாத்திரை. மருத்துவர் கேட்பது அதைத்தான் என்று அவர்களுக்குப் பிடிபட்டதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு சார்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு பொதுவாகச் சொன்னார். ரத்த அழுத்தத்தால் ஆகியிருக்கலாம், வெயிலில் உழைத்து நீர் வற்றி ஆகியிருக்கலாம், நீங்கள் குடிக்கும் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். இவ்வளவு சுருங்கிய பிறகு சதை எடுத்துச் சோதித்தாலும் காரணம் தெரியாது என்றார்.

அவர் சொன்ன காரணங்களில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது தண்ணீர் மட்டும்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தெருவை ஒட்டிய தன் நிலத்தின் மூலையில் போர் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பலர் போட்டு வெறும் புகைதான் கிளம்பியது. இவருக்குத் தண்ணீர் கிடைத்தது. லேசாக உப்பு கரிக்கும், ஆனால் குடிக்கலாம். வேலிக்கு வெளியே, தெருவைப் பார்த்து ஒரு குழாய் வைத்துவிட்டார். இருபது வீடுகள் அதில்தான் பிடித்தன. அவரைப் பற்றி ஊரில் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குழாயைத்தான் சொல்வார்கள். கிட்னி போனது தண்ணியால் என்று பேச்சு பரவிய பிறகு முதலில் இரண்டு வீடுகள் பிடிப்பதை நிறுத்தின. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரே ஒரு நாள் மோட்டாரை மேலே தூக்கச் சொல்லிவிட்டு, குழாயைக் கழற்றிப் போரின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்தார். டயாலிசிஸ் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, கையில் வலு இல்லை. ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். அடைப்பதற்கு முன்பு பாட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை விருதுநகரில் ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்தேன். தண்ணீர் கெட்டதாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பஸ்ஸில் போகும்போதே அது தெரிந்துதான் போனேன். முடிவு வந்தது. உப்பும் கடினத்தன்மையும் கொஞ்சம் கூடுதல், மற்றவை வரம்புக்குள். எங்கள் வட்டாரத்துப் போர்களில் இதைவிட மோசமானவை நிறைய உண்டு. ஒரு ஆளின் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடுகிற எதுவும் அதில் இல்லை. தாளை மடித்து அலமாரியில் வைத்தேன். அடுத்த வருஷம் கடையை விற்றேன். வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னேன்.

செவ்வாயும் வெள்ளியும் அருப்புக்கோட்டையில் டயாலிசிஸ். அவரோடு போவது நான்தான். இந்த வயதில் எதற்கு அலைகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், தங்கை அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பெருமைப்பட்டாள். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே வந்து, கழுவப்பட்டு, உள்ளே போகும். இடது கையில் ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே எப்போதும் ஓர் அதிர்வு. அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் கையை நீட்டுவார்.

"காத வச்சுப் பாருங்க. மோட்டாரு ஓடுது. கரண்டு பில்லே கெடையாது."

சிறுநீர் பெரும்பாலும் நின்றுவிட்டதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர், அதில் கஞ்சியும் காப்பியும் அடக்கம். ஆயுள் முழுக்கத் தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வந்த நோய்க்கு இப்போது தண்ணீரே குடிக்காதே என்பது சிகிச்சை. தங்கை காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். காய்களைப் பொடியாக அரிந்து ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, பிறகுதான் தாளிப்பாள். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கருவாடும் ஊறுகாயும் கூடவே கூடாது. உப்பில்லாத கம்பங்கூழை அவர் முன்னால் வைத்துவிட்டு அவளும் அதையே குடிப்பாள். இந்த நோயைப் பற்றி ஒன்று விடாமல் அவர்கள் இருவருக்கும் விளக்கியிருக்கிறேன், ஒன்றைத் தவிர.

டயாலிசிஸ் மையத்தில் படுக்குமுன் எடை பார்ப்பார்கள். போன முறை விட்ட எடைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் குடித்த தண்ணீர். அங்குள்ள சிஸ்டர் கண்டிப்பானவர். மூணு கிலோ ஏறியிருக்கே, மோர் குடிச்சீங்களா என்று ஒரு நாள் கேட்டார்.

"இல்ல சிஸ்டரு. நேத்து மழ பேஞ்சுச்சு, வாயத் தொறந்துட்டு நின்னுட்டேன்."

"அருப்புக்கோட்டையில மழையே இல்லையே?"

"அதான், ஒங்க ஊருக்குச் சேர வேண்டியதையும் நானே குடிச்சிட்டேன்."

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. இன்னும் ஓடியிருக்கும், மாப்பிள்ளையின் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கால் வீங்காமல் இருந்திருந்தால்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவன் இல்லை. ஆடு வைத்திருக்கிறாள், பருத்திக் காலத்தில் கூலிக்குப் போவாள். போர் போட்ட நாளிலிருந்து அடைத்த நாள்வரை அந்தத் தண்ணீரைக் குடித்தவள். அடைத்த பிறகு ஊரின் மறுகோடித் தொட்டியிலிருந்து சுமக்கிறாள். சென்ற ஆண்டு ஆடி மாதம் அவளுக்கு இரண்டு காலும் வீங்கின. மாப்பிள்ளை அதைத் தன் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறார். இந்த வீக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மெஷினில் படுத்திருக்கும்போது என்னிடம் சொன்னார், அவளிடம் பேசவே முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பின்வாசல் வழியாகப் போய்வருவதாக. நான் அவளுக்கு ரத்தச் சோகையாக இருக்கலாம் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸில் வரவில்லை. நான் மையத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்கை போன் பண்ணினாள். வரமாட்டேன் என்கிறார், காரணமும் சொல்லமாட்டேன் என்கிறார் என்றாள். ஒரு முறை தவறினால் தாங்குவார். இரண்டாவதும் தவறினால் நீர் நுரையீரலில் ஏறும். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கக் கூடாது என்று ஞாயிறு காலையிலேயே அலமாரியைத் திறந்து அந்தத் தண்ணீர்ச் சோதனைத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் நைலான் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தது. முகம் உப்பியிருந்தது. வரமாட்டேன் என்பது நிஜம்தானா என்று கேட்டேன்.

"வரல மச்சான். என்னயப் பாத்துப் பாத்து ரத்தத்தக் கழுவுறீக. என் தண்ணியக் குடிச்சவ எதுத்தாப்ல காலு வீங்கிப்போயிக் கெடக்கா. அவள யாரு கூட்டிட்டுப் போவா? இன்னும் எத்தன வீட்டுல யாரு யாருக்கு வருமோ. போதும். நான் செஞ்சதுக்கு நான் போறேன், விடுங்க."

தண்ணீர் இல்லை, மாத்திரை என்றேன். நான் கொடுத்த மாத்திரை என்றேன்.

அவர் சிரித்தார். மூச்சுக்கு நடுவே சிரித்தார்.

"படிச்சவுக படிச்ச மாதிரிதான் சமாதானம் சொல்றீக. எனக்காக ஒங்க தலையில தூக்கி வச்சுக்காதீக மச்சான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவில்லை. பதினாறு வருஷத்தையும் முதலிலிருந்து சொன்னேன். செட்டில் என்ன இருந்தது, அது என்ன செய்யும், எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று சொன்னேன். அழுத்தம் உங்களுக்கு எப்போது வந்தது என்று தெரியாது, அதற்கும் பங்கு இருக்கும், வெயிலுக்கும் இருக்கும், ஆனால் நான் கொடுத்ததற்கு நிச்சயமாக இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், குழந்தை சொல்வதைக் கேட்பது போல. பிறகு தாளை எடுத்து நீட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார். தன் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்தார், தன் பெயரைக் கண்டுபிடித்தார். விரல் தேதியில் போய் நின்றது.

"இது போர அடச்ச மாசம்ல?"

"ஆமா."

"அப்ப மூணு வருசமா ஒங்ககிட்ட இருக்கு."

"இருக்கு."

"நான் குழாயக் கழட்டுறப்ப நீங்கதான ஸ்பேனர எடுத்துக் குடுத்தீக."

"தாள் வந்தது அதுக்கு அடுத்த வாரம்" என்றேன். சொன்ன உடனே அது எவ்வளவு அற்பமான பதில் என்று தெரிந்தது. "ஆனா மாத்திர வெவரம் அன்னைக்கே தெரியும்."

"டாக்டரு கேட்டப்பயும்?"

"அப்பவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, தாளை என்னிடம் தராமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது, அவர் இன்றுவரை சொல்லவுமில்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் இறங்கின. பாரம் இறங்கிய ஆளின் தோள் போலத்தான் இருந்தது.

தங்கை பின்னால் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கையில் ஊறவைத்த காய்ச் சட்டி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எந்த மாத்திரை என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"காலையில நாந்தானண்ணே பிரிச்சுக் கையில குடுப்பேன்" என்றாள். "இன்னைக்கு வலி இல்ல, வேணாம்பாக. அண்ணன் சும்மாவா குடுத்துவிட்டிருக்கும், முழுங்குங்கன்னு நாந்தான சொல்லுவேன்."

அவள் அழவில்லை. சட்டியைக் கட்டிலின் காலருகே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் மேல் இருக்கும் பழியை எடுத்து என் மேல் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்காக இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை இருந்தது, பதினாறு வருஷம் தினமும் காலையில் இருந்தது. அதை நான் ஒரு முறையும் நினைத்துப் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்தபோதும் நினைக்கவில்லை, சொல்லக் கிளம்பியபோதும் நினைக்கவில்லை.

அன்று மதியமே கார் வைத்து அவரை மையத்துக்குக் கூட்டிப்போனேன். நாலரைக் கிலோ ஏறியிருந்தது. சிஸ்டர் திட்டினார். அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டிப் படுத்துக்கொண்டார். திரும்பும்போது கேட்டார், எதிர்வீட்டுப் பெண்ணை யார் கூட்டிப்போவது என்று. நான் என்றேன்.

அவளுக்கு ரத்தச் சோகை இருந்தது, அழுத்தமும் இருந்தது. கிரியேட்டினின் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்று மருத்துவர் கேட்டபோது அவள் என்னைக் காட்டினாள். இவுக கடையில வாங்குறதுதான், இவுக கடைய விட்டப்பறம் வேற கடையில என்றாள். வாரத்துக்கு நாலு நாள், களை வெட்டு இருந்தால் தினமும். இந்த முறை நான் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. வலி மாத்திரையை அடியோடு நிறுத்து, அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதே, வேலையில் தண்ணீர் குடி, மூன்று மாதம் கழித்து வா என்றார். இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒதுங்க மறைவில்லாத காட்டில் அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் குடிக்கிறேன் என்கிறாள்.

மாப்பிள்ளை மோட்டாரை மறுபடி இறக்கினார். அதற்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போனார், என்னையும் கூட நிறுத்திக்கொண்டு. தண்ணீரால் இல்லை, மச்சான் கொடுத்த மாத்திரையால் என்று ஒவ்வொரு வாசலிலும் அவர்தான் சொன்னார். நான் ஆமாம் என்றேன். சிலர் நம்பினார்கள். சிலர், குறிப்பாக வயதானவர்கள், மருந்து எப்படிக் கெடுக்கும், தண்ணிதான் என்று இன்னும் சொல்கிறார்கள். பன்னிரண்டு வீடுகள் இப்போது பிடிக்கின்றன.

அவர் என்னோடு பேசுகிறார். முன்பு போல இல்லை, ஆனால் பேசுகிறார். செவ்வாய், வெள்ளி பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார். தங்கை ஒன்றரை மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், நான் அவரை விட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் வழி மறித்து நின்றாள்.

"டாக்டரு கேட்ட அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா இவுக மெஷினுக்குப் போகாம இருந்திருப்பாகளா?"

இல்லை என்றேன். அன்றைக்கே காலம் கடந்துவிட்டது.

"அதுக்கு அஞ்சாறு வருசம் முந்தி நிப்பாட்டியிருந்தா?"

போகாமல் இருந்திருக்கலாம், இல்லையென்றால் இன்னும் பல வருஷம் தள்ளிப் போயிருக்கலாம் என்றேன். அதுதான் உண்மை. அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவளும் எங்களோடு அருப்புக்கோட்டைக்கு வரத் தொடங்கினாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் அவருடைய மாத்திரைகள் எல்லாம் அட்டையோடு இருக்கும், ஒன்றைக்கூடப் பிரித்து வைக்கமாட்டாள். ஐந்தாவது வரை படித்தவள். மாப்பிள்ளையை மெஷினில் போட்ட பிறகு, சிஸ்டரிடம் ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டி, இது எதுக்கு, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, இது கிட்னியைக் கெடுக்குமா என்று கேட்பாள். போன முறை கேட்டதையே மறுபடியும் கேட்பாள். சிஸ்டருக்கு வேலை இருக்கும், இருந்தாலும் சொல்வார். நான் அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். என்னிடம் கேட்கமாட்டாள். சென்ற வெள்ளிக்கிழமை பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் காட்டிக் கேட்டாள். அதைச் சோற்றோடு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை என்று சிஸ்டர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். தங்கை அதைத் திருப்பி ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.